கொடிக்கால் தெருவில் ஒரு குறுக்கு விசாரணை

சட்டமன்றத்தில் எங்கள் கட்சிக்கு நான் தலைவராக இருந்தேன் என்றால் யாரும் பெரிதாக நினைக்க வேண்டாம். மொத்தமே நாலு பேர். அதில் ஒருவர் எந்நேரமும் தூங்குவார். நான் வக்கீல், சத்தமாகப் பேசுவேன் என்று என்னைத் தலைவராக்கினார்கள். அங்கே போய்ச் சேருவதற்கு முன்பே ஒரு மனிதர் என்னைத் தோற்கடித்திருப்பார்.

எழுபதுகளின் கடைசியில் சோழவந்தான் பக்கம் ஓட்டுக் கேட்கப் போனேன். அதற்கு முன் பதினாறு வருடம் மதுரைக் கோர்ட்டில் எதிர்த்தரப்புச் சாட்சிகளைத் திணறடிப்பதுதான் என் பிழைப்பு. அவர்களுக்கும் ஓட்டு உண்டு என்பது எனக்கும் தோன்றவில்லை, எனக்குச் சீட்டுக் கொடுத்த மடையர்களுக்கும் தோன்றவில்லை.

"அண்ணே, வெத்திலைக் கொடிக்கால்காரங்க தெரு கை விட்டுச்சுன்னா டெபாசிட்டே போயிரும்" என்று உள்ளூர்க் கட்சிக்காரர் எச்சரித்து அழைத்துப் போனார். தெருவில் நுழைந்ததுமே நின்றுவிட்டேன். எதிரே நின்றவர் நான் கோர்ட்டில் திணறடித்த பழைய சாட்சி.

வாய்க்கால் கரையை வெட்டியவனுக்காக நான் ஆஜரான வழக்கு அது. வெட்டியதைக் கண்ணால் பார்த்தேன் என்று இவர் சொன்னார். "உங்கள் கொடிக்காலில் எத்தனை அகத்தி நிற்கிறது?" என்று கேட்டேன். வெற்றிலைக் கொடி படர நட்ட அகத்தியை எவன் எண்ணிக்கொண்டிருப்பான்? விழித்தார். சொந்தக் கொடிக்காலையே பார்க்காதவர் அடுத்தவன் மண்வெட்டியைப் பார்த்தாராக்கும் என்றேன். கோர்ட்டே சிரித்தது. வழக்கில் ஜெயித்தேன்.

"வாங்க வக்கீலய்யா. ஓட்டுத்தானே? மொதல்ல நான் ரெண்டு கேள்வி கேட்டுக்கிறேன்" என்றார். தெருவே கூடிவிட்டது.

"கோர்ட்டு மாடிக்குத் தெனமும் ஏறுறீகள்ல. எத்தனை படி?"

"தெரியாது."

"சத்தமாச் சொல்லுங்க. பின்னாடி பொம்பளையாளுகளுக்குக் கேக்கல."

"தெரியாதுய்யா!"

"பாவம், படிச்ச மனுசன், விடுங்கப்பா" என்றாள் ஒருத்தி. அதற்குத்தான் பெரிய சிரிப்பு.

"அடுத்தது. அன்னைக்கு நான் பாத்தேன்னு சொன்னது நெசமா, பொய்யா?"

கட்சிக்காரர் என் காதில், "ஞாபகம் இல்லைன்னு சொல்லிட்டு வண்டியில ஏறுங்கண்ணே" என்றார். நல்ல யோசனைதான். ஆனால் எனக்கு என்மேலேயே எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

"நெசம்தான்" என்றேன்.

"அது அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும்."

கட்சிக்காரர் கொடியைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டார்.

கொடிக்கால்காரர் கையிலிருந்த வெற்றிலையின் காம்பைக் கிள்ளி எறிந்தார். "கேட்டீகளாப்பா? நெசம்னு தெரிஞ்சே என்னைய அம்புட்டுப் பேரு முன்னால கிறுக்கனாக்கியிருக்காரு. இம்புட்டு வேலை தெரிஞ்ச ஆளை இங்கனயே வச்சிருந்தா நமக்குத்தான் ஆபத்து. மெட்ராசுக்கு அனுப்பிவிடுங்க. மந்திரிமாரு திணறட்டும்."

பாராட்டினாரா, திட்டினாரா என்று எனக்கு விளங்கவில்லை. தெரு மட்டும் அவர் சொன்னபடியே ஓட்டுக் குத்தியது. ஜெயித்துவிட்டேன்.

முடிவு வந்த மறுநாள் காலையில் நான் பல்கூட விளக்கவில்லை, கோரிப்பாளையத்தில் என் வீட்டு வாசலில் அவர் ஏழெட்டுப் பேரோடு வந்து நின்றார்.

"வாய்க்கா மதகு ஒடைஞ்சு கெடக்கு. மந்திரியைக் கேட்டுச் சொல்லுங்க."

"யோவ், சபை இன்னும் கூடவே இல்லைய்யா!" என்று கத்தினேன்.

"அதனாலென்ன, கூடட்டும். நாங்க உக்காந்திருக்கோம்" என்றார்.

உட்கார்ந்தும்விட்டார்கள்.