புறாவைத் தாண்டிப் போன வெளிச்சம்

எங்கள் மாவு ஆலையில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாரும் இல்லை. சம்பளச் சீட்டில் மட்டும் ஒரு பெயர் இருந்தது. மற்ற எல்லோருக்கும் அவர் புறாக்காரர். எனக்கு அண்ணன். கூடப் பிறந்த அண்ணன் இல்லை. கூடப் பிறந்தவன் ஒழுங்காக இருந்திருந்தால் நான் ஏன் இன்னொருவரை அண்ணன் என்று கூப்பிடப் போகிறேன்?

இருபத்திரண்டு வருடம் மூட்டை தூக்கியவர். ஒருநாள் முதுகில் ஏதோ நழுவியது. இனி ஒரு செங்கல் கூடத் தூக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றுதான் மேனேஜர் நினைத்தார். அந்த நேரம் பார்த்துக் கோதுமை காயப்போடும் முற்றத்தில் புறாத் தொல்லை தலைக்கு மேல் போயிருந்தது. விரட்ட ஓர் ஆள் வேண்டும், மூட்டையைப் போலப் புறாவைத் தோளில் ஏற்ற வேண்டியதில்லை. அப்படித்தான் அவர் முற்றம் முழுக்கத் தெரிகிற மொட்டைமாடிக்குப் போய்ச் சேர்ந்தார்.

எனக்கு வேலை மாடிக்கு நேர் கீழே இருந்த பரிசோதனை அறையில். மாவில் ஈரம் எவ்வளவு, தூசி எவ்வளவு, வேறு என்ன கண்றாவி கலந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். ஒரு சின்ன இறகு அகப்பட்டால் அன்றைய அரவை மொத்தமும் வீண். அதனால் எனக்குப் புறா என்றாலே பற்றிக்கொண்டு வரும். அவரோ மேலே நின்று அதுகளோடு பேசிக்கொண்டிருப்பார். "போங்கடி, போங்க, வேற வேலை இல்லையா உங்களுக்கு" என்று அவர் சொல்வது என் ஜன்னல் வழியாகக் கேட்கும். அந்தக் குரலுக்கு எந்தப் புறா பயப்படும்?

தகரம் தட்டிப் பார்த்தார், கொடி ஆட்டிப் பார்த்தார். பொறுமை இழந்த மேனேஜர் அவருக்குத் தெரியாமல் தானியத்தில் விஷம் கலந்து வைக்கச் சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் அண்ணன் ஒரு சாக்கோடு படியிறங்கி வந்தார். சாக்கு கனமாக இல்லை, ஆனால் அவர் அதைத் தூக்கக் கூடாத எதையோ தூக்குகிற மாதிரி தூக்கி வந்தார். அதைக் கீழே வைத்துவிட்டு நேராக மேனேஜர் அறைக்குள் போனார். அந்த அறைக்குள் அவர் காலெடுத்து வைத்தது அதுதான் முதல் தடவை.

"இன்னொரு தடவை மருந்து வெச்சீங்கன்னா நான் வேலைக்கு வரமாட்டேன் சார்."

"அப்போ நீயே ஒரு வழி சொல்லு" என்றார் மேனேஜர்.

வழியை ஒரு விற்பனைக்காரர் கொண்டு வந்தார். கைவிளக்கு மாதிரி ஒரு கருவி. லேசர். பொத்தானை அழுத்தினால் பச்சைக் கோடாக வெளிச்சம் நீளும். மங்கலான நேரத்தில் அந்தக் கோடு நகர்ந்து வந்தால், யாரோ குச்சியை நீட்டுகிறார்கள் என்று பறவைகள் எழும்பிவிடும், ஒன்றுக்கும் அடிபடாது என்றார். அண்ணன் முகத்தை அன்று பார்த்திருக்க வேண்டும். பெட்டிக்குள் ஆறு பக்கத்துக்கு ஒரு காகிதம் இருந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர் என்பதால் என்னிடம் கொண்டு வந்தார்.

முதல் பக்கத்தில் எந்தப் பொத்தான் எதற்கு என்று இருந்தது. இரண்டாவது பக்கத்தில், கண்ணில் படக்கூடாது என்று இருந்தது.

"யார் கண்ணுல, தங்கச்சி?"

"யார் கண்ணுலயும்தான்."

"புறா கண்ணுலயும் கூடாதா?"

"கூடாது அண்ணே. கால்கிட்ட அடிங்க."

அதோடு மடித்துக் கொடுத்துவிட்டேன். எனக்கு அன்று பதினோரு மாதிரிகள் பார்த்து முடிக்க வேண்டியிருந்தது. நான்காவது பக்கத்தை நான் புரட்டவில்லை.

நான் சொன்னபடியே அவர் கால்பக்கம்தான் அடித்தார். ஆனால் புறாக்கள் லேசுப்பட்டவை இல்லை. எழும்பும், ஒரு சுற்றுச் சுற்றும், பழைய இடத்திலேயே வந்து உட்காரும். அதனால் அவராகவே ஒரு முறை கண்டுபிடித்தார். கூட்டம் எழும்பியதும் வெளிச்சத்தை அணைக்காமல், பின்னாலேயே ஆகாயத்தில் ஓட்டிக்கொண்டு போவார். பக்கத்துக் கட்டிடத்துத் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டும்வரை விடமாட்டார். ஒரே மாதத்தில் முற்றம் சுத்தமானது. மேனேஜர் பாராட்டினார். நானும்தான் வாய் நிறையப் பாராட்டினேன்.

விமான நிலையம் எங்களுக்கு நான்கு தெரு தள்ளி. இறங்குகிற விமானங்கள் சக்கரத்தை நீட்டிக்கொண்டு எங்கள் தலைக்கு மேலேதான் போகும். வருடக்கணக்கில் கேட்டுக் கேட்டு அந்தச் சத்தம் எங்கள் காதில் விழுவதே நின்றுபோயிருந்தது.

ஒருநாள் மாலை அண்ணன் கீழே வந்து கை கழுவிக்கொண்டே, "இன்னிக்கு அழகாப் பறந்து போச்சுங்க, தங்கச்சி" என்றார். மறுநாள் பத்து மணிக்கு இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். அந்த வட்டாரத்தில் கட்டிடம் கட்டிடமாக ஏறி இறங்கி விசாரித்துக்கொண்டிருந்தார்கள். நேற்று பொழுது சாயும் நேரத்தில், நோயாளியை ஏற்றிக்கொண்டு வந்த சின்ன விமானம் ஒன்று இறங்கும்போது கீழேயிருந்து யாரோ பச்சை வெளிச்சம் அடித்திருக்கிறார்கள். ஓட்டிய அம்மாவுக்குக் கண் தெரியாமல் போய்விட்டது. பக்கத்தில் இருந்த துணை விமானி விமானத்தைத் தன் கையில் வாங்கி, இறங்காமல் மறுபடி மேலே தூக்கி, ஒரு சுற்றுச் சுற்றி வந்து இறக்கியிருக்கிறார். அந்த அம்மா பதற்றத்தில் கண்ணைக் கசக்கியதில் கருவிழியில் கீறலும் விழுந்திருக்கிறது. இனி அவர் விமானம் ஓட்டலாமா என்பதை மருத்துவர்கள்தான் சொல்ல வேண்டும்.

"இங்க அப்படி எதுவும் இல்லைங்க" என்றார் மேனேஜர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வித்தை அவருக்குக் கைவந்த கலை. போலீஸ்காரர்கள் போய்விட்டார்கள்.

அண்ணன் என் அறை வாசலில் வந்து நின்றார். "அது அவ்வளவு உசரத்துல போகுது. இது கைப்பிடி அளவு. அங்க எப்படி எட்டும்?"

அப்போதுதான் அந்தக் காகிதத்தை எடுத்து நான்காவது பக்கத்தைப் புரட்டினேன். ஆகாயத்தை நோக்கிப் பிடிக்கவே கூடாது, விமானப் பாதைக்குப் பக்கத்தில் பயன்படுத்தவே கூடாது, வெளிச்சம் பல மைல் தூரம் போகும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன். பிறகு நான் சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

"வாயைத் திறக்காதீங்க அண்ணே. யாருக்கும் தெரியாது. ஜெயில்ல போட்டுடுவாங்க."

மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. சாப்பிடவும் திறக்கவில்லை என்று அண்ணி பிறகு சொன்னார்.

அண்ணி சலவைக்கடையில் துணி தேய்த்தவர். கண்ணில் நீர் அழுத்தம் ஏறி வலது கண் முழுக்கப் போய்விட்டது. இடது கண்ணைச் சொட்டு மருந்துதான் காப்பாற்றி வைத்திருந்தது. காலையிலும் மாலையிலும் அண்ணன்தான் ஊற்றுவார். ஒரு சொட்டு கன்னத்தில் விழுந்தது கிடையாது. நான்காம் நாள் காலையில் முதல் சொட்டு மூக்கில் விழுந்தது, இரண்டாவது காதோரம் ஓடியது. அண்ணி அவர் கையைப் பிடித்துக்கொண்டு என்னவென்று கேட்டிருக்கிறார். எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"இந்தக் கண்ணுக்கு மருந்து ஊத்துறீங்க. அந்தக் கண்ணுக்கு என்ன சொல்லப் போறீங்க?" என்று கேட்டாராம் அண்ணி.

அன்றே கிளம்பினார். போலீஸுக்கு அல்ல, விமான நிலையத்துக்கு. முதலில் அந்த அம்மாவைப் பார்க்க வேண்டும் என்றார். தனியாக விட மனமில்லாமல் நானும் போனேன். பேருந்தில் வழி நெடுக அவரைத் திட்டிக்கொண்டே போனேன். உண்மையில் திட்டியது என்னைத்தான்.

வாசலில் காவலர் பையைத் திறக்கச் சொன்னார். சாப்பாட்டுப் பைக்குள்ளிருந்து அந்தக் கருவியை எடுத்து மேசையில் வைத்து, "இதாலதான் அன்னிக்கு அடிச்சது, நான்தான்" என்றார் அண்ணன். மனுஷர் எந்த இடத்தில் எதை எடுத்து நீட்டுகிறார் பாருங்கள். அடுத்த அரை மணி நேரம் நான்கு பேர் அந்தக் கருவியைச் சுற்றி நின்றார்கள், இரண்டு பேர் எங்களைச் சுற்றி நின்றார்கள். அப்புறம்தான் ஓர் அறையில் உட்கார வைத்தார்கள்.

அந்த அம்மா அங்கேயே அலுவலகத்தில் இருந்தார். ஓட்ட விடாததால் காகித வேலை பார்த்துக்கொண்டிருந்தாராம். நாற்பது வயது இருக்கும். கறுப்புக் கண்ணாடி, அதற்குள் ஒரு கண்ணை மூடிப் பஞ்சு. பக்கத்திலேயே ஒரு போலீஸ்காரர்.

"நீங்கதானா?"

"நான்தாம்மா. புறாவைத்தான் அடிச்சேன்."

அந்த அம்மா "புறா எவ்வளவு பெரிசு?" என்று கேட்டார். அண்ணன் இரண்டு கையாலும் காட்டினார்.

"புறா மேல பட்டது போக, மீதி வெளிச்சம் எங்க போகும்னு நினைச்சீங்க?"

"தீர்ந்து போயிடும்னு நினைச்சேம்மா."

"தீராது. போகப் போக விரியும். எங்க கண்ணாடியில பட்டதும் உள்ள எல்லாமே பச்சை. ஓடுபாதை தெரியல, பக்கத்துல இருக்கிறவர் முகம் தெரியல. கீழ தரை இருக்குன்னு தெரியும், எவ்வளவு கிட்டன்னு தெரியாது."

"உள்ள இருந்தவங்க?"

"பிரசவத்துல சிக்கல்னு கூட்டிட்டு வந்தோம். மறுபடி சுத்தி இறங்க ஆறு நிமிஷம் ஆச்சு. தாயும் குழந்தையும் நல்லா இருக்காங்க. அவங்ககிட்ட அந்த ஆறு நிமிஷம் இருந்துச்சு. இல்லாமலும் இருந்திருக்கலாம்."

அண்ணன் நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார். முதுகு கோளாறுக்காரர் அப்படி உட்காரவே கூடாது. எழுப்பப் போனேன், வரவில்லை.

"கேஸ் நடக்கும். நான் வாபஸ் வாங்க மாட்டேன்" என்றார் அந்த அம்மா.

"வாங்காதீங்கம்மா."

"அப்புறம் எதுக்கு என்னைப் பார்க்க வந்தீங்க?"

"கண்ணு மறுபடி எப்பக் காட்டப் போறீங்க?"

"வியாழக்கிழமை. அன்னிக்குத்தான் முடிவு சொல்வாங்க."

"நான் வந்து வெளிய நிக்கட்டுமா?"

அவர் எழுந்தார். "அது உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

போலீஸ் வாக்குமூலம் வாங்கியது, கருவியை எடுத்துக்கொண்டது, கூப்பிட்டபோது வர வேண்டும் என்று கையெழுத்து வாங்கி அனுப்பியது. நான்காவது பக்கத்தைப் பற்றி நானும் எழுதிக் கொடுத்தேன். மேனேஜருக்கும் அழைப்பு போனது, அந்த ஒரு விஷயத்தில் எனக்கு வருத்தம் இல்லை. ஆலை அண்ணனை விடுப்பில் அனுப்பியது. வீட்டில் சும்மா இருந்தாரா? கண்ணை இறுக்க மூடிக்கொண்டு அறைக்குள் நடந்து பார்த்திருக்கிறார். ஆறு நிமிடம். கதவில் ஒரு முட்டு, கட்டிலில் ஒரு முட்டு, தண்ணீர்க் குடம் காலி. "வீட்டுல ஒருத்திக்குக் கண்ணு தெரியாதது போதாதா, நீங்க வேற" என்று அண்ணி சத்தம் போட்டிருக்கிறார். அந்த வாரம் முழுக்க அவர் கேட்டது ஒரே கேள்விதான். அந்த அம்மாவுக்குக் கண் தெரிந்துவிடும், இல்லையா? தெரிந்துவிடும் என்று நாங்கள் இருவரும் மாறி மாறிச் சொன்னோம். எங்களுக்கு என்ன தெரியும்?

வியாழக்கிழமை மூன்று பேரும் போனோம். கண் மருத்துவமனையில் எந்த பெஞ்சு ஆடும், எது ஆடாது என்பதுவரை அண்ணிக்கு அத்துப்படி. ஆடாத ஒன்றில் எங்களை உட்கார வைத்தார். அந்த அம்மா எங்களைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்துவிட்டு உள்ளே போனார். இரண்டு மணி நேரம் ஆனது. அண்ணன் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் கொடுத்தேன், கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

நீளமான வராந்தாவின் அந்தக் கோடியில் கதவு திறந்தது. அந்த அம்மா வெளியே வந்தார். கண்ணாடி இல்லை, பஞ்சு இல்லை. வராந்தாவின் முக்கால்வாசி எங்களுக்கு நடுவே கிடந்தது. அவர் அங்கேயே நின்று அண்ணனைப் பார்த்தார். முகத்திலிருந்து நல்லதா கெட்டதா ஒன்றும் பிடிபடவில்லை. அண்ணன் எழுந்து நின்றார்.

"பட்டனை மாத்திப் போட்டிருக்கீங்க" என்றார் அவர், அங்கிருந்தபடியே. "ரெண்டாவதை மூணாவது ஓட்டையில."

நான் திரும்பிப் பார்த்தேன். ஆமாம். காலையிலிருந்து ஒட்டி உட்கார்ந்திருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை. அண்ணன் சட்டையில் கை வைத்தார். பட்டனைக் கழற்றவில்லை, அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்னங்க சொல்றாங்க?" என்று கேட்டார் அண்ணி.

"தெரியுதாம்" என்றார் அண்ணன், அழுதுகொண்டே. "அங்க இருந்தே தெரியுதாம்."