தான்தோன்றி சவுரியம்மாள்

சவுரியம்மாளை முதன்முதலில் 'தான்தோன்றி' என்று திட்டியது அவளைப் பெற்ற தகப்பன்தான். 1952-இல் திண்டிவனம் மாதா கோயிலில் மூன்றாம் கல்யாண அறிவிப்பு ஓலையும் வாசித்து முடிந்த மறுநாள், இந்த மாப்பிள்ளை வேண்டாம் என்று நேராகப் பங்குச் சாமியாரிடமே போய்ச் சொல்லிவிட்டாள். செத்துப்போன முதல் பெண்டாட்டியின் கை எப்படி ஒடிந்தது என்பதை மாப்பிள்ளை ஊர்ப் பெண்கள் அவள் காதில் போட்டிருந்தார்கள். அவளிடம் காரணம் இருந்தது. கேட்கத்தான் வீட்டில் ஆளில்லை. சொந்தக்காரர்கள் வாயில் அந்தச் சொல் அவள் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

இரண்டு வருஷம் கழித்து, மூட்டை தூக்கும் இருதயராஜைத் தானே பார்த்துக் கட்டிக்கொண்டாள். ரயிலடிக்குப் பின்னால், வேர்க்கடலை உடைக்கும் மல்லாட்டை மில்லில் சொத்தைப் பருப்பு பொறுக்கும் வேலைக்குப் போனாள்.

அங்கே தினமும் காலையில் அறுபது பெண்கள் கேட்டில் நிற்பார்கள். வேலை நாற்பது பேருக்குத்தான். மேஸ்திரி துரைக்கண்ணு குடைக்கம்பை நீட்டி, "நீ உள்ள போ, நீ நாளைக்கு வா" என்று பிரிப்பான். 1961 மாசி மாதம், பொன்னியை அப்படித் தொடர்ந்து நான்கு நாள் திருப்பி அனுப்பினான். கைக்குழந்தைக்காரி பொன்னி திரும்பி நடந்தாள். சவுரியம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"பொன்னி கிட்ட இன்னா குறை கண்டீங்க மேஸ்திரி? எங்க எல்லாரையும் விட அவ கைதானே வேகம்?"

"என் இஷ்டம். தான்தோன்றி மாதிரி கேள்வி கேட்டுக்கினு நிக்காத, போ."

மறுநாள் முதல் சவுரியம்மாளுக்கும் குடைக்கம்பு வெளியேதான் காட்டியது.

கன்னியர் மடத்துப் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவள். விழுப்புரத்திலிருந்த தொழிலாளர் அதிகாரிக்குத் தன் கையாலேயே மனு எழுதினாள். 'மேஸ்திரி தான்தோன்றித்தனமாக ஆட்களை நிறுத்துகிறார்' என்பதுதான் அதில் முதல் வரி. கீழே இருபத்திரண்டு பெண்கள் கைநாட்டு வைத்தார்கள்.

பத்தாம் நாள் அதிகாரி மில்லுக்கு வந்தார். முதலாளி தேவநாதன் அவருக்கு நாற்காலி போட்டுவிட்டு, சவுரியம்மாளைக் கூப்பிட்டார்.

"அந்த வார்த்தையை அடிச்சிடும்மா. நாளைக்கே வேலைக்கு வா. வயசுல பெரியவரைப் போய்த் தான்தோன்றின்னு எழுதலாமா?"

"அடிக்க மாட்டேங்க."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "அதுக்கு அர்த்தம் தெரிஞ்சுதான் எழுதினியா?"

"அந்தப் பேரோடயே ஒம்போது வருசம் வாழ்ந்திருக்கேங்க, எனக்குத் தெரியாதா? ஏன்னு கேட்டா பதில் சொல்ல முடியணும். சொல்ல முடியாம ஒண்ணு செஞ்சா அதுதான் தான்தோன்றித்தனம். நான் கல்யாணத்த நிறுத்தினப்போ என்கிட்ட பதில் இருந்துச்சு. ஆனா எனக்கு அந்தப் பேரு வெச்சாங்க. இவுரு பதிலே இல்லாம பண்றாரு, அதுக்கு உத்தரவுன்னு பேரு. இவுரையே கேளுங்க, பொன்னிய ஏன் நிறுத்தினாருன்னு."

அதிகாரி கேட்டார். துரைக்கண்ணு முதலாளியைப் பார்த்தான். "அது வந்துங்க... தோணிச்சு" என்றான்.

கேட்டுக்கு வெளியே நின்ற பெண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

பதிவேட்டில் பெயர் எழுதி, முறை வைத்துக் கூப்பிட வேண்டும் என்று உத்தரவாயிற்று. பொன்னியும் சவுரியம்மாளும் மறுநாளே உள்ளே போனார்கள். ஆனால் ஆடி மாதத்தில் சவுரியம்மாள் கையில் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தார்கள். 'அடக்கம் இல்லாததால் நிறுத்தப்படுகிறாள்' என்று அதில் எழுதியிருந்தது. இருதயராஜ், "போதும், வுட்டுடு" என்று கெஞ்சினான்.

அவள் மறுநாள் காலையில் முதலாளியின் மேசைமேல் அந்தச் சீட்டை வைத்தாள்.

"காரணம் எழுதிட்டீங்க, சந்தோசம். கீழ கையெழுத்துப் போட்டுக் குடுங்க. விழுப்புரத்துல காட்டணும்."

தேவநாதன் பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். மறுபடியும் மூடினார். பிறகு சீட்டை நான்காக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "போ, போய் வேலையப் பாரு" என்றார்.

பருப்புக் குவியலுக்கு முன்னால் பெண்கள் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார்கள். சவுரியம்மாள் முறத்தை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.