கறை பிடிக்காத வேட்டி

என் கணவர் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். கடையில் விற்கும் மையை வாங்குவது கௌரவக் குறைச்சல் என்று நினைப்பவர். வடித்த கஞ்சியில் விளக்குக் கரியைக் குழைப்பார். வெண்டைக்காயை நறுக்கினால் காம்புப் பக்கம் குழம்புக்கு வராது, அச்சுக்கட்டையாகிவிடும். ஒருமுறை சைக்கிள் டயரில் செம்மண்ணைப் பூசி, தரையில் விரித்த சார்ட் பேப்பர்மேல் ஓட்டிப் பார்த்தார். ஏதாவது சொன்னால் கலை என்பார். கலைக்குச் சோப்பு போட்டுத் துவைப்பது யார் என்று நானும் விடமாட்டேன்.

கீழ்வேளூர்ப் பக்கம் நாங்கள் இருந்த ஊரில் அந்த வருஷம் அறுவடைக் கூலித் தகராறு. கதிர் முற்றித் தலைசாய்ந்து நிற்கிறது. கூலி நெல்லைக் கூட்டிக் கொடுக்காமல் அரிவாளைத் தொடமாட்டோம் என்று ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள். மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை இறக்கப்போவதாகப் பேச்சு. இறக்கினால் வெட்டுக்குத்துதான். நடுவில் நின்று பேசியவர் என் அண்ணன். ஒரு காலத்தில் ஆளுங்கட்சிக்காரர். பிறகு எதற்கோ கோபித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். எந்தக் கட்சியும் இல்லாதவர் என்பதால்தான் இரண்டு பக்கமும் அவரை நம்பின. அந்த நம்பிக்கையைத் தவிர அவருக்கு வேறு பெருமை கிடையாது.

கடைசிப் பேச்சுக்கு முதல் நாள் எங்கள் வீட்டில் தங்கினார். அவரிடம் இருந்த வேட்டியெல்லாம் பழைய கட்சிக் கரை போட்டவை. மறுநாள் விடியற்கருக்கலில் கிளம்பும்போது, கரை இல்லாத வேட்டி ஒன்று வேண்டும் என்றார். எங்கள் பேச்சில் கரையும் கறையும் ஒன்றாகத்தான் கேட்கும். என் கணவர் உள்ளே போய் ஒரு வெள்ளை வேட்டியை எடுத்து வந்தார்.

"இதுல ஒரு கறையும் புடிக்கலீங்க மச்சான்" என்று சற்று வருத்தத்தோடு கொடுத்தார். அந்த வருத்தம் எதற்கென்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

முந்தின சாயங்காலம் வாழைத்தண்டைப் பாதி வட்டமாக நறுக்கி, மை எதுவும் தொடாமல், அதன் சாற்றாலேயே வேட்டி முழுக்க அச்சு வைத்திருக்கிறார். விளக்கு வெளிச்சத்தில் ஒன்றும் தெரியவில்லை. சோதனை தோற்றது என்று மடித்து வைத்துவிட்டார். வாழைக்கறை காற்றும் வெயிலும் பட்டுத்தான் பழுப்பாக ஏறும். எங்கள் ஊரில் தவழும் குழந்தைக்கும் தெரிந்த சங்கதி, தஞ்சாவூர் டவுனில் வளர்ந்த கலைஞருக்குத் தெரியவில்லை.

அண்ணன் போய்க் களத்துமேட்டில் நடுநாயகமாக உட்கார்ந்தார். வெயில் ஏற ஏற அவர் மடியில் பாதி வட்டங்கள் ஒவ்வொன்றாக எழுந்தன, சாறு கசிந்த கோடுகள் சுற்றிலும் கதிர் கதிராக. பாதிச் சூரியன் எந்தக் கட்சிச் சின்னம் என்று அந்த ஊரில் யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆளுங்கட்சிக்காரர்கள் நம்மை விலைபேச இவரை அனுப்பியிருக்கிறார்கள் என்றார்கள் ஆட்கள். நம்மை மிரட்ட அனுப்பியிருக்கிறார்கள் என்றார்கள் மிராசுதார்கள். வாழைத்தண்டு என்று சொல்லித் தப்பிக்கலாமென்றால், பாவம், அண்ணனுக்கே அது தெரியாது. எதிலும் ஒத்துப்போகாத இரண்டு பக்கத்தாரும் ஒன்றாகச் சேர்ந்து அவரை எழுந்து போகச் சொன்னார்கள்.

வந்து கூடத்தில் உட்கார்ந்தவர் சாப்பாட்டைத் தொடவில்லை. என் கணவரோ வேட்டியைத்தான் பார்த்தார். எவ்வளவு நேர வெயிலில் நிறம் ஏறியது என்று கேட்டார். அண்ணன் எதிரில் இருந்ததால்தான் என் கையிலிருந்த கரண்டி கையிலேயே இருந்தது.

சாயங்காலம் சேதி வந்தது. அண்ணனைத் துரத்தச் சேர்ந்தவர்கள் அப்படியே உட்கார்ந்து பேசி முடித்துவிட்டார்களாம், அவர் இத்தனை நாளாகச் சொல்லிவந்த அதே கூலிக்கு. அண்ணன் அப்போதுதான் சோற்றில் கை வைத்தார்.

"வலங்கைமான் பக்கம் ஒரு ஊர்லயும் பேச்சு இழுத்துக்கிட்டே கெடக்கு மாப்பிள்ளே. இன்னொரு வேட்டி அடிச்சுக் குடுங்க. நான் போயி ஏச்சு வாங்கிட்டு வர்றேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு எந்த ஊரிலும் அவரைப் பேச்சுக்குக் கூப்பிடவில்லை.