ஏழாவது வெர்ஷன்

2024 மார்ச் 12, செவ்வாய்க்கிழமை. ஐந்தேகாலுக்கு எழுந்தேன். உப்பளக் கரையில் நாற்பது நிமிட நடை. ஆசிரியையான மனைவியைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, சோதனை போர்டின் கனெக்டர்களை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தேன். மரக்காணம் காற்றில் ஒரு வாரம் விட்டால் பச்சை பூத்துவிடும். ஒன்பது மணிக்கு மெயிலைத் திறந்தேன். அவனுடைய ஏழாவது வெர்ஷன் வந்திருந்தது.

சென்னை அலுவலகத்தில் அவன் பத்து வருடம் எனக்குப் பக்கத்து நாற்காலி. இப்போது ஜெர்மனியில் ஒரு சிறிய நிறுவனத்தில் இருக்கிறான். நான் வீட்டிலிருந்தே, லினக்ஸின் மையமான கர்னலில் கருவிகளை இயக்கும் டிரைவர் நிரல்களுக்கு வரும் மாற்றங்களை, அதாவது பேட்ச்களை, படித்துச் சரிபார்க்கிறேன்.

அவன் எழுதியது கேமராவுக்கான டிரைவர். கேமரா தன் படத்தை நினைவகத்தில் ஓரிடத்தில் வைக்கும். நகலெடுக்காமல் திரை அங்கிருந்தே படித்துக்கொள்ளும். அந்த இடத்துக்கு ஓர் எண் தரப்படும். எண் கையில் இருப்பவர் எல்லோரும் விட்ட பிறகுதான் இடத்தைக் காலி செய்யலாம். ஒருமுறை வெளியே கொடுத்த எண்ணைத் திரும்ப வாங்க வழியில்லை.

பொது மெயிலிங் லிஸ்டில் அவன் வரிகளுக்கு நடுவே நான் குறிப்பு எழுதுவேன். அடியில் அவன் பதில் எழுதுவான். ஊர் முழுக்கப் படிக்கும் இடம் என்பதால் சொந்த விஷயம் பேசுவதில்லை. ஆங்கிலம்தான். ஆனாலும் ‘சரி, ஆனால்’ என்று அவன் தொடங்கும் இடங்களில், காபி டம்ளரை என் மேஜையில் வைத்துவிட்டு வாதாட நிற்பவனின் குரலாகவே எனக்குக் கேட்கும். சரிபார்த்துவிட்டேன் என்று என் பெயரோடு ஒப்புதல் வரியை எழுதிவிட்டால் கடிதங்கள் நின்றுபோகும். மூன்றாவது வெர்ஷனிலேயே எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

பதினோரு மணிக்கு அவனே போன் செய்தான். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒப்புதல் கிடைக்காவிட்டால் மாற்றம் கர்னலின் அடுத்த வெளியீட்டுக்குத் தள்ளிப்போகும். அவர்களுடைய கேமரா அதற்கு முன்பே விற்பனைக்குப் போகிறது. மேலாளர் தினமும் கேட்கிறார் என்றான்.

“ஏம்பா, கமெண்ட்ல ஃபுல் ஸ்டாப் இல்லன்னு ஒரு வெர்ஷன் திருப்பி அனுப்புனியே, நல்லாருக்குதா?”

முறை என்றால் முறைதான் என்றேன்.

“உனக்கு என்கிட்ட பேசணும்னா போன் பண்ணுடா. பேட்ச்ச புடிச்சி வெக்காத.”

நான் மறுக்கவில்லை. அவன் வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்டேன். சௌக்கியம் என்றான். இங்கே வெயில் ஏறிவிட்டது என்றேன். அவ்வளவுதான். போனில் எங்களுக்கு எப்போதும் இரண்டு நிமிடம்தான் பேச இருக்கும்.

ஒப்புதல் எழுதும் எண்ணத்துடன் மதியம் முதல் வரியிலிருந்து படித்தேன். நாலு மணிக்கு ஒரு தப்பைப் பிடித்தேன். எண்ணை வெளியே கொடுத்த பிறகு, தோற்கக்கூடிய வேலை ஒன்று பாக்கி இருந்தது. அது தோற்றால் டிரைவர் இடத்தைக் காலி செய்துவிடும். எண்ணை ஏற்கெனவே எடுத்துக்கொண்ட வேறொரு நிரல் காலியான இடத்தைப் படித்துக்கொண்டிருக்கும். போர்டில் அந்த வேலையை வேண்டுமென்றே தோற்கச் செய்து பார்த்தேன். கர்னல் விழுந்து போர்டு அப்படியே நின்றுபோனது.

அவன் இப்படி எழுதுகிறவன் இல்லை. பழைய வெர்ஷன்களை வரிசையாகத் திறந்தேன். மூன்றாவதில் எண் கடைசியில்தான் கொடுக்கப்பட்டிருந்தது. ‘இடம் ஒதுக்குவதும் எண் கொடுப்பதும் ஒன்றாக இருந்தால் படிக்க அழகாக இருக்கும்’ என்று அதன் கீழே எழுதியிருந்தவன் நான். நான்காவதில் அவன் மாற்றிவிட்டான். அந்த ஒரு குறிப்புக்கு மட்டும் ‘ஆனால்’ என்று பதில் வரவில்லை. என்னை நம்பியிருக்கிறான், அல்லது களைத்துப் போயிருக்கிறான்.

புதன்கிழமை காலை எழுந்ததும், நடைக்குப் போகாமல், ஐந்து இருபதுக்கு மெயிலை அனுப்பினேன். மூன்றாவது வெர்ஷனின் வரிசையே சரி, மாற்றச் சொன்னது என் பிழை, அந்த வரிசையில் திருப்பி அனுப்பினால் இதையே என் ஒப்புதலாக எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதி, கீழே ஒப்புதல் வரியைச் சேர்த்திருந்தேன். அவன் பதில் எழுதவேண்டிய கேள்வி எதையும் அதில் வைக்கவில்லை.