பேரு எழுதாத இருபத்தாறு பேப்பரு

கஜபதிக்கு அம்பத்தூர் எஸ்டேட்ல பவர் பிரஸ் வேலை. தகரத்த உள்ள வச்சி பெடல மிதிச்சா, மேலருந்து டமால்னு எறங்கி வெட்டும். பத்தொம்பது வருஷத்துல அவரு இடது கை ஆள்காட்டி வெரலு அதுலதான் போச்சு. அந்தக் கையோடவே சைக்கிள் மிதிச்சி, பொண்ணு சுசீலாவ கள்ளிக்குப்பத்துலருந்து ஸ்கூலுக்குக் கூட்டினு போவாரு. அது எம்.ஏ. முடிச்சிச்சு. தொண்ணூத்தொண்ணுல ஒருநாளு, "நைனா, நான் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கப் போறேன்"னு வந்து நின்னுச்சு.

"ஊசி போடற டாக்டரா?"

"இல்ல நைனா. ஒரு விஷயத்தத் தோண்டித் துருவி பெரிய புக்கா எழுதணும். அதுக்கு முன்னாடி இன்னா தோண்டப் போறேன், ஏன், எப்படின்னு எழுதிக் குடுத்து, நாலு பெரிய வாத்தியாருங்க கமிட்டி முன்னால நின்னு பதில் சொல்லணும். அவங்க சரின்னாதான் படிப்பே."

"நீ இன்னாத்தத் தோண்டப் போற?"

சுசீலா அவரு கையப் பாத்துச்சு. "பிரஸ்ல வெரலு போனவங்களப் பத்தி."

கஜபதி வெளிய போயி ஒரு பீடி குடிச்சிட்டு வந்து, "எத்தினி பேரு வோணும்?"னாரு.

வாயால சொன்னா கமிட்டி நம்பாது, கொஞ்சம் பேரையாவது மொதல்ல விசாரிச்சிக் காட்டணும். ஆனா கம்பெனி கேட்டுக்குள்ள வெளியாள வுட மாட்டாங்க. அதனால கேள்வியெல்லாம் சுசீலா எழுதிக் குடுத்துச்சு, கேட்டு எழுதற வேலைய கஜபதி எடுத்துக்கினாரு. அஞ்சாவது வரைக்கும் படிச்ச எழுத்து. "ஊட்டு ஆளு சொன்னத நம்ப மாட்டாங்க, நீ மட்டும் வேணாம் நைனா"ன்னுச்சு பொண்ணு. சரின்னு தன்னோட வெரலு கதைய மட்டும் அவரு எழுதல.

மொதல்ல கேட்டது பக்கத்து மிஷின் கன்னியப்பன. ஒண்ணா வேலைக்குச் சேந்தவங்க.

"மாமே, எம்பேரு வெளிய வராதே?"

"உம்மேல சத்தியமா வராது மச்சான்."

"எம்மேல இன்னாத்துக்கு? உம்மேலயே பண்ணிக்கோ." சிரிச்சிட்டு, கன்னியப்பன் எல்லாத்தையும் சொன்னான். மாலு சீக்கிரம் வரணும்னு கைக்கு முன்னால இருந்த கம்பித் தடுப்பக் கழட்டச் சொன்னது யாரு, ஆஸ்பத்திரில மயக்கத்துல கெடந்தப்ப 'தப்பு என்னுதுதான்'னு கைநாட்டு வாங்கினது யாரு, எல்லாம்.

டீ டைம்லயும் ஞாயித்துக்கெயமயிலயும் இருபத்தாறு பேரு. ஒரு பேப்பர்லயும் பேரு எழுதல கஜபதி. சத்தியம் பண்ணிருக்காரே. ஆனா பேரும் இல்லாம நம்பரும் இல்லாம ஒரு பேப்பரு எப்படிச் செல்லும்? லீவு சீட்டு, சாப்பாட்டுச் சீட்டு, எதுன்னாலும் கம்பெனி ஆளுக்கொண்ணு குடுத்த டோக்கன் நம்பரு போட்டாதான் வாங்குவாங்க. அதான், ஒவ்வொரு பேப்பரு மூலைலயும் அவங்கவங்க டோக்கன் நம்பர அழகாப் போட்டு வச்சாரு.

கரையான்சாவடில டைப் அடிச்சி நாலு காப்பி பைண்டு பண்ணி, பின்னால அந்த இருபத்தாறு பேப்பரையும் ஜெராக்ஸ் எடுத்துச் சேத்துக் குடுத்தாங்க.

கமிட்டி அன்னிக்கி கஜபதி வெளிய பெஞ்சில குந்தினு இருந்தாரு. கதவு ஒருக்களிச்சி இருந்துச்சு. உள்ள ஒருத்தரு கேட்டாரு, "எல்லாம் ஒரே கையெழுத்தா இருக்கே. உங்கப்பாவே வீட்ல உக்காந்து எழுதிட்டாராம்மா?" மத்தவங்க சிரிச்சாங்க. கஜபதி பெஞ்சிலருந்து எழுந்துட்டாரு.

சுசீலா கொரலு நடுங்கவே இல்ல. "மூலைல பாருங்க சார். டோக்கன் நம்பர் இருக்கு. எழுதினது ஒரு கை, சொன்னது இருபத்தாறு பேரு."

அப்பறம் பக்கம் பொரட்டற சத்தந்தான். அர மணி கழிச்சி சுசீலா வெளிய வந்து, "சரின்ட்டாங்க நைனா"ன்னு அவரு தோள்ல சாஞ்சி அழுதுச்சு. நாம போட்ட நம்பரு புள்ளயக் காப்பாத்திச்சேன்னு இவருக்கும் கண்ணுல தண்ணி. மறுநாளு கேன்டீன்ல எல்லாருக்கும் மிச்சரு. "நம்ம வெரலு காலேஜிக்குப் போயிட்ச்சிடா!"ன்னு கன்னியப்பன் டேபிளத் தட்டினான்.

மூணு வாரம். ஒரு திங்கக்கெயம காலைல கேட்டாண்ட வாட்ச்மேன் ஒரு சீட்ட வச்சிகினு ஆறு பேர ஓரமா நிக்க வச்சாரு. பேரு சொல்லல. நம்பரத்தான் படிச்சாரு. ரெண்டாவது நம்பரு கன்னியப்பனுது. ஆறுமே பேப்பரு மூலைல கஜபதி போட்ட நம்பருங்க, ஆறு பேருக்கும் அன்னியோட வேலை போச்சு. கமிட்டில ஒருத்தரு கம்பெனி மொதலாளிங்களுக்கு யோசன சொல்றவருன்னு அப்பறமா காதுல வுழுந்துச்சு. அவருதானா, வேற யாருனா குடுத்தாங்களா, கடைசி வரைக்கும் தெரியல.

நேரா மேனேஜரு ரூமுக்கு ஓடினாரு. "எழுதினது நாந்தான் சார். என்னயும் தூக்குங்க."

"உன் நம்பர் அதுல இல்லையே கஜபதி. போ, மிஷினுக்குப் போ."

வேலைய வுட்டுட்டு வந்துருக்கலாம். சுசீலாவுக்குப் பின்னால ரெண்டு புள்ளைங்க படிச்சிகினு இருந்துச்சிங்க. முடியல. ரூமுலருந்து வெளிய வந்து மிஷினுக்குப் போனத, கேட்டுக்கு அந்தாண்டருந்து ஆறு பேரும் பாத்தாங்க. காட்டிக் குடுத்தது இவருதான்னு இல்லாம வேற இன்னா நெனப்பாங்க?

சாயங்காலம் கன்னியப்பன் ஊட்டுக்குப் போனா, அவன் சம்சாரம் நாகம்மா வாசல்லயே கதவச் சாத்திச்சு.

சுசீலா போயி படிப்பே வேணாம்னு எழுதிக் குடுத்து, பேப்பரெல்லாம் திருப்பி வாங்கினு வந்துச்சு. "நம்பர அழிச்சிட்டு மறுபடியும் குடும்மா"ன்னு அதோட கைடு மேடம் எவ்வளவோ சொன்னாங்களாம். "இப்ப அழிச்சி இன்னா மேடம்"னு வந்துடுச்சு. பேப்பரத் திருப்பி வாங்கினா ஆளுங்களத் திருப்பி எடுப்பாங்கன்னு ஒரு நம்பிக்க. எடுக்கல. பட்டாபிராம்ல டீச்சரு வேலைக்குப் போச்சு. கல்யாணமாச்சு. ஊட்ல யாரும் அந்தப் பேச்ச எடுக்க மாட்டாங்க.

தொண்ணூத்தாறுல சுசீலாவுக்குப் பொண்ணு பொறந்துச்சு. தல நெறைய முடி. அது கொட்டாவி வுட்டா ஊடே வேலைய வுட்டுட்டு வேடிக்க பாக்கும். கஜபதிக்குத் தல கால் புரியல. அந்த சந்தோஷத்துல ஒரு டப்பா ஜாங்கிரி வாங்கிக்கினு, அஞ்சு வருஷம் கழிச்சி கன்னியப்பன் ஊட்டுக்குப் போயிட்டாரு.

நாகம்மா வந்துச்சு. "அவரு இல்லண்ணா." உள்ள கன்னியப்பன் இருமற சத்தம் கேட்டுச்சு. ரெண்டு பேருமே கேக்காத மாதிரி நின்னாங்க.

"பொண்ணா, புள்ளயா?"

"பொண்ணும்மா."

"நல்லாருக்கட்டும்." ஒரே ஒரு ஜாங்கிரி எடுத்துக்கினு டப்பாவத் திருப்பிக் குடுத்துச்சு.

ஊட்டுக்கு வந்தா, சுசீலா கொயந்தைக்குப் பவுடரு போட்டுகினு இருந்துச்சு. "கன்னியப்பன் மாமா இன்னா சொன்னாரு நைனா?"

"கொயந்தயத் தூக்கினு வரச் சொன்னாம்மா."

சுசீலா நிமிந்து பாத்துச்சு. அந்த மொகம் அப்பிடி மலந்து அஞ்சு வருஷமாச்சு. "நெசமாவா? அப்ப ஞாயித்துக்கெயம போலாம் நைனா. மாமி, அவங்க பொண்ணுங்க எல்லாரையும் பாத்துட்டு வரலாம்."

"போலாம்மா"ன்னாரு கஜபதி.