இறங்கி ஏறாமல் கல்லு லைனுக்கு

எங்கள் ஊருக்கு ரெயில் கிடையாது. கல்முனைக்குடியில் தண்டவாளம் என்று ஒன்று இருக்கிறதென்றால் அது எங்கள் பள்ளிக்கூடத்தில், மணியடிப்பதற்காக வேப்பமரத்தில் தொங்கவிட்டிருக்கும் ஒரு துண்டுதான். அதை நேரங்கெட்ட நேரத்தில் அடித்து ஒரு வகுப்பையே வீட்டுக்கு அனுப்பியவர் யார் என்ற விசாரணை இன்னும் முடியவில்லை. எங்கள் பள்ளி அதிபரும் இந்தப் பக்கத்தை வாசிக்கிறாராம், ஆகவே மேலே போவோம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உம்மா, மாமா, நான் மூவரும் கருங்கல்குளம் போய் வந்தோம். “கல்லு லைனுக்கு இப்போது நேரடியாக ரெயில் போகிறதாமே, உண்மையா?” என்று கேட்டிருந்தவர்களுக்கான பதில் இது. உண்மைதான். ஆனால் அந்த ரெயில் இன்றைக்கும் ஓடுவது எங்கள் குடும்பத்தால் அல்ல, எங்கள் குடும்பத்தையும் மீறித்தான்.

முதலில் பாதையைச் சொல்லிவிடுகிறேன். மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குப் போகும் பெரிய பாதையில் கற்சந்தி என்று ஒரு சின்ன ஸ்டேஷன் இருக்கிறது. அங்கிருந்து காட்டுக்குள் ஒன்பது கிலோமீற்றர் பிரிந்து போவதுதான் கல்லு லைன். ஒரு காலத்தில் கருங்கல் ஏற்றுவதற்காகப் போட்டது. கல் வெட்டுவது நின்றதும் பற்றை மூடிக் கிடந்த பாதையை, ரெயில் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற சிலர் சேர்ந்து துப்பரவாக்கி, ஒரு பழைய இஞ்சினும் இரண்டு பெட்டியுமாக ஞாயிறுகளில் ஓட்டிவந்தார்கள். ஒரே தொல்லை என்னவென்றால், பெரிய பாதை ரெயிலில் வருகிறவர்கள் கற்சந்தியில் இறங்கி, சல்லிக்கல்லின் மேல் முந்நூறு மீற்றர் நடந்து, அந்தப் பக்கம் நிற்கும் பழைய ரெயிலில் ஏற வேண்டும்.

எனக்கு அது தொல்லை இல்லை, மாமாவுக்குத் தொல்லை. மாமா என்றால் உம்மாவின் தம்பி. நெல் வெட்டும் மெஷினில் சிக்கி இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. பொய்க்காலும் கைத்தடியுமாகச் சமதரையில் நன்றாக நடப்பார், ஓட்டோவும் ஓட்டுவார். சல்லிக்கல் மட்டும் சரிவராது. அவருடைய ஒரே மகள் ஸிபானா மச்சி. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவது வழக்கம். ஆனால் மச்சியின் மாப்பிள்ளையான மச்சானுக்குக் கருங்கல்குளம் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்ததால் மச்சி அங்கே போனார். பிள்ளைப்பேற்றுக்கு ஊருக்கு வருவதற்கிடையில் பிள்ளை அவசரப்பட்டுவிட்டது. பேத்தியைப் பார்க்க ஒரு தடவை புறப்பட்ட மாமா கற்சந்தி வரைக்கும் போய், அந்தச் சல்லியைப் பார்த்துவிட்டு, அடுத்த ரெயிலில் திரும்பி வந்தார். அதன் பிறகு பேத்தி அவருக்குக் கைபேசிக்குள்தான். அதுவும் சிக்னல் இருக்கிற நேரம்.

இந்த நிலைமையில்தான் பெரிய பாதையின் சாதாரணப் பயணிகள் ரெயிலையே கற்சந்தியில் திருப்பிக் கல்லு லைனுக்குள் விடப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. மாமா அன்றைக்கே தொட்டில் சீலையும் கயிறும் கம்பும் வாங்கிவிட்டார்.

விடிய ஐந்து மணிக்கு மாமாவின் ஓட்டோவில் புறப்பட்டோம். மட்டக்களப்புக்கு நாற்பது கிலோமீற்றர். மருதமுனை, பெரியநீலாவணை தாண்டும்வரை உம்மா ஓதிக்கொண்டே வந்தார். அதன் பிறகு மாமாவின் வேகத்தைப் பார்த்து ஓதுவதையும் வேகமாக்கினார். பஸ்ஸில் வருகிறவர்கள் ஒன்றரை மணித்தியாலம் வைத்துக்கொள்ளுங்கள்.

ரெயில் ஏழு பத்துக்கு. கவுண்டரில் கற்சந்தி வரைக்கும் வழக்கமான டிக்கெட்டை எடுங்கள். கல்லு லைனுக்குரிய நூறு ரூபாய் டிக்கெட்டை ரெயிலுக்குள்ளேயே காட், அதாவது கொடி காட்டி விசில் ஊதும் ரெயில் கார்ட், தருவார். பழைய காலத்துக் கட்டி அட்டை, ஓட்டை போட்டுத் தருவார்கள். சீசன் டிக்கெட் வைத்திருப்பவர்கள் அதைக் காட்டி வாதாட வேண்டாம், நான் வாதாடிப் பார்த்துவிட்டேன்.

ஏறாவூரில் ரெயில் நின்றபோது ஒரு சின்ன விடயம் நடந்தது. காட் ஊதும் விசிலைப் போலவே நான் வாயால் ஊதுவேன். ஊதினேன். கடலை வாங்க இறங்கியிருந்த ஒரு பெரிய உடம்புக்காரர் சுருளை எறிந்துவிட்டு ஓடிவந்து ஏறினார். ரெயில் அசையவில்லை. காட்தான் வந்தார்.

“தம்பி, ஊதின ஆள் நீங்கதானே?”

“அவன்தான் சேர்,” என்றார் உம்மா, நான் வாயைத் திறப்பதற்குள். “பிறந்த நேரம் தொட்டு அவன்ட வாய் சும்மா இரிக்கிறல்ல.”

காட் சிரிக்கவில்லை. “இஞ்ச பாருங்க. இது மூணாவது பரீட்சை ஓட்டம், கடைசி. கொழும்பு ரெயில் பன்னெண்டே முக்காலுக்குக் கற்சந்திக்கு வரும். அதுக்கு முன்ன நாங்க கல்லு லைனால வெளிய வந்திரணும். அத அஞ்சு நிமிஷம் மறிச்சமெண்டாலும், இந்த வேலையே வேணாமெண்டு மேல நிப்பாட்டிருவாங்க. விளையாட்ட வீட்ட வெச்சுக் கொள்ளுங்க.”

மாமா என் காதைப் பிடித்தார். வலிக்கிற மாதிரிப் பிடிக்கவில்லை. “டேய், இண்டைக்கு மட்டும். எனக்காக.”

சரி என்றேன். அன்றைக்கு நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன் என்பதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கற்சந்தியில் யாரும் இறங்கவில்லை. ரெயில் ஒரு தடவை குலுங்கி, பெரிய பாதையை விட்டு வலது பக்கம் வளைந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். மாமா மட்டும் யன்னலால் தலையை நீட்டி அந்தச் சல்லிக்கல்லைப் பார்த்துக்கொண்டே வந்தார். தோற்றுப்போன எதிரணியைப் பார்க்கிற பார்வை அது.

இங்கே ஒரு விளக்கம். கல்லு லைனில் ஓடுவதற்கு ஒரு கம்பு வேண்டும். ஒன்றரை அடி நீளம், எண்ணெய் பூசி மினுக்கிய மரம், ஒரு நுனியில் பித்தளை. கற்சந்தியில் அதை டிரைவரிடம் கொடுப்பார்கள். கம்பு யாரிடம் இருக்கிறதோ அந்த ரெயில் மட்டும்தான் ஒற்றைப் பாதையில் போகலாம். பித்தளை நுனிதான் சந்தியில் பாதையை மாற்றுகிற பூட்டுக்குச் சாவியும். பெரிய பாதையில் இதற்கென்று தோல் பை தைத்த ஒரு பெரிய வளையம் இருக்கிறது, அதை யாரும் எங்கேயும் மறந்து வைக்க முடியாது. கம்பு அப்படி இல்லை.

காட்டை ஊடறுத்து, குளக்கட்டை ஒட்டி, பத்து இருபதுக்குக் கருங்கல்குளம். பிளாட்போம் தாழ்வானது. டிரைவர் கம்பைக் காட்டிடம் கொடுத்து அலுவலக அறைக்கு அனுப்பினார். போகிற வழியில் மாமா படியில் தடுமாறுவதைக் கண்ட காட், கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்து அவர் இடுப்பைப் பிடித்தார். நான் தோளைக் கொடுத்தேன். மாமா இறங்கினார். உம்மா மூட்டை முடிச்சுகளை அள்ளிக்கொண்டார். மச்சியின் வீடு ஸ்டேஷனிலிருந்து இருநூறு மீற்றர், முழுக்கச் சமதரை.

பேத்தியை மாமா கையில் வாங்கிய காட்சியை நான் எழுதப்போவதில்லை. அவர் அழவில்லை என்று எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன். உம்மா கூரை வளையில் கயிறு கட்டித் தொட்டிலைத் தொங்கவிட்டார். “என்ட தம்பிக்கு மறதியெண்டு ஆர் சொன்ன? தொட்டில் கம்பும் கொண்டு வந்திரிக்கான்,” என்று சீலையை விரித்துப் பிடிக்கும் கம்பையும் குறுக்கே மாட்டினார். சோறு, வட்டிலப்பம், கதை. ரெயில் பன்னிரண்டுக்குத்தான் என்பதால் நான் கொஞ்சம் முந்தி, பழைய இஞ்சினைப் பார்க்க ஸ்டேஷனுக்குப் போனேன்.

போனதுமே காட் என் சட்டையைப் பிடித்தார். “கம்பு எங்க?”

நான் சிரித்தேன். அது பிழை. பழக்கத்தில் வந்த சிரிப்பு, ஆனால் குற்றவாளியின் சிரிப்பு போலவே இருந்தது. என் பையைக் கொட்டினார்கள். ஒரு ரப்பர் பல்லி, நசுக்கினால் சத்தம் போடும் ஒரு பலூன், பாதி வட்டிலப்பம். கம்பு இல்லை.

“சேர், இந்த லைன்ல இண்டைக்கு ஓடுறதே எங்கட ரெயில் ஒண்டுதான். ஆரோட முட்டப்போறம்? கம்பில்லாமப் போனா என்ன?” என்று கல்லு லைனின் ஸ்டேஷன் மாஸ்டரான, ஓய்வுபெற்ற பெரியவரைக் கேட்டேன்.

“எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். சந்தியில இரிக்கிற பூட்டுக்குத் தெரியாதே,” என்றார் அவர். நெற்றியெல்லாம் வியர்வை. மூன்று ஞாயிறுக்காக எத்தனை வருடம் பற்றை வெட்டியவரோ.

நல்லவன் என்று எனக்குச் சாட்சி சொல்ல உலகத்தில் ஒரே ஆள் உம்மாதான். ஓடினேன். உம்மா தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தார். விடயத்தைச் சொன்னதும் ராராட்டுப் பாட்டை நிறுத்தாமலே, அதே மெட்டில் கேட்டார்: “எங்கடா மனே ஒளிச்சு வெச்ச… ஆராரோ…”

நிமிர்ந்தேன். தொட்டில் எனக்கு எதிரே ஆடிவந்தது. கம்பின் நுனியில் பித்தளை மினுங்கியது.

“உம்மா, இந்தக் கம்பு ஏது?”

“மாமா கொண்டு வந்த.”

“நானா?” என்றார் மாமா. “அது ஓட்டோக்குள்ளயே கிடக்கு. நான் மறந்து வந்திட்டனே.”

தொட்டில் கயிறு மட்டும் கிறீச்சிட்டது.

“உம்மா, நீங்க ஆட்டுறது புள்ளைய இல்ல. ரெயில.”

“யா அல்லாஹ்! நம்மட சாமானுக்கு மேல கிடந்திச்சே!”

மச்சி வாசலை மறித்து நின்றார். “இப்பதான் கண்ண மூடின. எழும்பினாவெண்டா, அந்த ரெயில நீங்களே கயிறு கட்டி இழுத்துக் கொண்டு போங்க.”

மாமா எழும்பி, சுவரைப் பிடித்தபடி வந்து, தன் கைத்தடியை நீட்டினார். “இத மாட்டுங்க.”

மச்சான் சீலையை இரண்டு பக்கமும் விரித்துப் பிடித்தார். பிஸ்மில்லாஹ் சொல்லி நான் கம்பை உருவினேன், உம்மா கைத்தடியைச் செருகினார். பிள்ளை ஒரு கண்ணைத் திறந்து மாமாவைப் பார்த்தது. நாங்கள் ஐந்து பேரும் மூச்சை நிறுத்தினோம். கண் மூடியது.

மிச்சம் இருந்தது ஓட்டம். மாமாவுக்கு இப்போது தடி என்றால் என் தோள்தான், ஆகவே நான் ஓட முடியாது. உம்மா ஓடினார். கல்யாண வீட்டுக்குக்கூட வேகமாக நடக்காத என் உம்மா, கம்பை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, புழுதி கிளம்ப, ஸ்டேஷன் வரைக்கும் ஓடினார். பள்ளிக்கூட அஞ்சலோட்டத்தில் இப்படி ஒரு ஆள் எங்களுக்கு இருந்திருந்தால் கிண்ணம் வேறு ஊருக்குப் போயிருக்காது. பிளாட்போமில் நின்ற எல்லோரும் கை தட்டினார்கள்.

காட் கம்பை வாங்கினார். உம்மாவைப் பார்த்தார், பிறகு தூரத்தில் மாமாவோடு வந்துகொண்டிருந்த என்னைப் பார்த்தார். நாங்கள் ஏறியதும், “தம்பி, பிழை என்னிலதான். சாமான்ட மேல வெச்சிட்டு வந்தது நான்,” என்றார். என் வாழ்க்கையில் இப்படி ஒரு வசனத்தைக் கேட்டதில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன், சொல்லவில்லை.

பதினேழு நிமிடம் பிந்திப் புறப்பட்டோம். கற்சந்தி வரைக்கும் பெட்டியில் எல்லோருடைய கண்ணும் கைக்கடிகாரத்தில்தான். சந்தியில் ரெயில் நின்றது. பித்தளை நுனியைப் பூட்டுக்குள் விட்டுத் திருப்பினார்கள். ஒரு குலுக்கல். பெரிய பாதை. எங்கள் கடைசிப் பெட்டி பிளாட்போமைத் தொட்டு நின்று, பின்னால் பூட்டும் விழுந்த பிறகுதான் கொழும்பு ரெயிலின் ஹோர்ன் தூரத்தில் கேட்டது. அது ஒரு நிமிடம்கூட நிற்கத் தேவைப்படவில்லை. மாமா “அல்ஹம்துலில்லாஹ்” என்று சொல்லிவிட்டு, வழி முழுக்க மடியில் இறுக்கிப் பிடித்திருந்த என் கையை அப்போதுதான் விட்டார். விரல்கள் வெளுத்திருந்தன. உம்மாவுக்கு மூச்சு வாங்கல் வாழைச்சேனையில்தான் நின்றது.

பரீட்சை பாஸ். இப்போது எல்லா ஞாயிறும் ஓடுகிறது.

போகிறவர்களுக்கு: இடது பக்க யன்னலில் இருங்கள், குளம் அந்தப் பக்கம். கருங்கல்குளத்தில் கடை இல்லை, தண்ணீரும் சாப்பாடும் கொண்டு போங்கள். நடக்க முடியாதவர்கள் இருந்தால் ஏறும்போதே காட்டிடம் சொல்லிவிடுங்கள், நிச்சயம் உதவுவார்கள். ஆனால் உதவி முடிந்ததும் அவர் கையில் கம்பு திரும்பிவிட்டதா என்று ஒரு தடவை பாருங்கள். கம்பை இப்போது சிவப்புக் கயிற்றில் கோர்த்துக் காட்டின் கழுத்திலேயே மாட்டியிருக்கிறார்கள். அந்த யோசனை யாருடையது என்று கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள்.

அடுத்த ஞாயிறே மறுபடியும் போனோம். ஓட்டோவில் கிடந்த உண்மையான தொட்டில் கம்பை, கைத்தடியை மீட்டு வருவதற்காக நான் பையில் வைத்துக் கொண்டுபோனேன். மாமா அதற்குள் கல்முனைச் சந்தையில் புதுத் தடி வாங்கிவிட்டார். பிள்ளை பழைய தடிக்குக் கீழே நல்ல நித்திரை. நான் கம்பை எடுத்து நீட்டினேன்.

“அது கிடக்கட்டும்டா,” என்றார் மாமா. “தடிய எடுத்துட்டா மறுகா வாறத்துக்கு என்ன சாட்டுச் சொல்ற?”

“ரெயில்தான் வருதே மாமா, சாட்டு என்னத்துக்கு?”

அவர் கம்பை வாங்கித் திரும்ப என் பைக்குள் வைத்து மூடினார். இப்போது அது ஒவ்வொரு ஞாயிறும் எங்களோடு கருங்கல்குளம் போய் வருகிறது, டிக்கெட் இல்லாமல்.