ஐந்து பேர் ஏறிய சின்னக் கார்

எங்கள் கார் சின்னது. ஒரு லிட்டர் பெட்ரோல் இன்ஜின். வாரத்தில் ஐந்து நாள் அது என் கையில்தான் இருக்கும். செம்மண்டலத்து வீட்டிலிருந்து குறிஞ்சிப்பாடியில் நான் எழுத்தராக இருக்கும் அலுவலகம் வரைக்கும் தனியாகப் போய்த் தனியாக வருவேன். கணவருக்குக் கடலூரிலேயே மின்சாமான் கடை, ஸ்கூட்டர் போதும். ஞாயிற்றுக்கிழமை, விசேஷம் என்றால்தான் அவர் ஸ்டியரிங் பிடிப்பார். அப்போது மாமனார், இரண்டு பெண்கள், பைகள், தண்ணீர்க் குடம் என்று வீடே ஏறிக்கொள்ளும்.

அந்த நாட்களில் என் வாய் சும்மா இருக்காது. “நான் ஓட்டுனா பறக்குற வண்டி, உங்க கையில மட்டும் ஏன் இப்படி ஊருது?” என்பேன். மேம்பாலம் ஏறும்போது அவர் ஏசியை நிறுத்துவார். நான் வேர்க்கிறது என்று மறுபடியும் போடுவேன். முன்னால் போகிற பஸ்ஸைத் தாண்ட மாட்டார். “வண்டி இழுக்கலம்மா, ஆளு ஜாஸ்தி” என்று ஒருதரம் சொன்னார். நான் சிரித்துவிட்டேன். என் தம்பியிடமும் சொல்லிச் சிரித்தேன். அவன் ஒரு கல்யாணத்தில் எல்லோருக்கும் நடுவில் “வாங்க, கட்டவண்டி மாமா” என்று கூப்பிட, அந்த மாட்டுவண்டிப் பேர் நிலைத்துவிட்டது. அவரும் கூடச் சேர்ந்துதான் சிரித்தார். அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக, வெளியூர் விசேஷம் என்றால் “பஸ்ல போயிடலாமே” என்று சொல்ல ஆரம்பித்தார். ஏன் என்று நான் கேட்டதில்லை.

தம்பி சிதம்பரத்தில் வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் வைத்தான். அதற்குப் பத்து நாள் முன்பு என் கணவர் கடையில் ஏணியிலிருந்து சறுக்கி வலது மணிக்கட்டு உடைந்துபோனது. மாவுக்கட்டு போட்டிருந்தது. “இந்தத் தடவ நான் ஓட்டுறேன், பாருங்க எவ்வளவு நேரத்துல போறோம்னு” என்றேன்.

காலையில் கிளம்பினோம். அக்காவான நான் சீர் வைக்க வேண்டும். டிக்கியில் பித்தளை அண்டா, குத்துவிளக்கு, இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டை, அண்ணாகிராமத்தில் இருக்கும் என் நாத்தனார் அனுப்பிய இரண்டு பெரிய பலாப்பழம். பின்சீட்டில் மாமனாரும் இரண்டு பெண்களும். அவர் என் பக்கத்தில், கட்டுப்போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு. ஊரைத் தாண்டுவதற்குள்ளேயே வண்டி வேறு மாதிரி இருந்தது. கியர் மாற்றினால் வழக்கமாக முன்னால் தாவும். அன்றைக்கு மெதுவாக யோசித்துவிட்டுக் கிளம்பியது. பெட்ரோலில் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டேன்.

ஆலப்பாக்கம் தாண்டி ஒரு பஸ் முன்னால் போனது. அங்கே நாலுவழிச் சாலை வேலை அப்போது முடியவில்லை. போகவும் வரவும் ஒரே ரோடு. எதிரில் வெகுதூரத்தில் ஒரு லாரி. என் கணக்கில் நேரம் தாராளமாக இருந்தது. தினமும் எத்தனை பஸ்ஸைத் தாண்டுகிறேன்? இண்டிகேட்டர் போட்டு வலது பக்கம் எடுத்து ஆக்சிலரேட்டரை அழுத்தினேன்.

இன்ஜின் சத்தம் போட்டது. வண்டி போகவில்லை. பஸ்ஸின் பின் சக்கரத்தைத் தாண்டினோம், நடு ஜன்னல் வரை வந்தோம், அதற்கு மேல் நகராமல் பஸ்ஸோடு பஸ்ஸாகப் போய்க்கொண்டிருந்தோம். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா என்னையே பார்த்தார். லாரி விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தது.

“மூணுல போடு” என்றார் என் கணவர். குரலை உயர்த்தவில்லை. இடது கையால் ஏசியை நிறுத்தினார்.

மூன்றாவது கியருக்கு இறக்கினேன். வண்டி உறுமிக்கொண்டு கொஞ்சம் முன்னேறியது. அது போதாது என்று எனக்கே தெரிந்தது. பெரியவள் “அம்மா!” என்றாள். அப்போது பஸ் சட்டென்று பின்வாங்கியது போல் இருந்தது. டிரைவர் பிரேக் போட்டு எனக்கு இடம் விட்டிருக்கிறார். இடது பக்கம் ஒடித்தேன். லாரி எங்களை உரசாத குறையாகப் போனது. அந்தக் காற்றில் கார் ஒருதரம் ஆடியது.

புதுச்சத்திரம் வந்ததும் ஒரு டீக்கடை ஓரமாக நிறுத்தினேன். இறங்கி நின்றேன். பின்னாலேயே அந்தப் பஸ் வந்தது. டிரைவர் சின்ன வயசுக்காரர். நான் இரண்டு கையையும் கூப்பினேன். அவர் என்னைப் பார்த்து, தலையை மட்டும் ஒருதரம் ஆட்டிவிட்டுப் போய்விட்டார். திட்டியிருந்தால் மனசு கொஞ்சம் லேசாகியிருக்கும்.

“வண்டியில என்னமோ ஆயிடுச்சுங்க” என்றேன் கணவரிடம்.

“ஒண்ணும் ஆகல. எப்பவும் இப்படித்தான் போகும்.”

பெரியவள் இயந்திரவியல் படிக்கிறாள். கையில் டீயோடு போனில் தட்டிக்கொண்டே சொன்னாள்: “வண்டி முக்கால் டன்னும்மா. இன்ஜினுக்கு அறுபத்தேழு குதிரைத் திறன். நீ தனியா போறப்ப ஒரு குதிரை பன்னண்டு கிலோவ இழுத்தா போதும். இன்னைக்கு நாம அஞ்சு பேரு, அரிசி, அண்டா, பலாப்பழம் எல்லாம் சேத்து ஒரு குதிரைக்குப் பதினேழு கிலோ வருது. ஏசியும் இன்ஜின்லேர்ந்துதான் பிடுங்குது. நீ நாலாவது கியர்லயே தாண்டப் பாத்த. அதுல வேகம் ஓடும், இழுவை இருக்காது.”

“அப்ப அப்பா ஓட்டுனது?”

“அப்பா எப்பவும் இந்தப் பதினேழு கிலோ வண்டியதாம்மா ஓட்டுறாரு. நீ பன்னண்டு கிலோ வண்டிய ஓட்டுற.”

மாமனார் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். நான் கணவரைப் பார்த்து, “நீங்க ஏன் எனக்குச் சொல்லல?” என்று கேட்டேன்.

“சொன்னேனே. நீ சிரிச்ச.”

குற்றம் சாட்டுகிற மாதிரி சொல்லவில்லை. எனக்கு அழுகை வந்தது. பெண்கள் முன்னால் அழக்கூடாது என்று முகத்தைக் கழுவப் போனேன். ஒரே காரில் இத்தனை நாள் நாங்கள் இரண்டு பேரும் இரண்டு வேறு வண்டிகளை ஓட்டியிருக்கிறோம். அது தெரியாமல் நான் அவரைக் கேலிப் பொருளாக்கிவிட்டேன்.

மீதி தூரம் எந்த வண்டியையும் தாண்டவில்லை. ஏசி போடாமல், ஜன்னலைத் திறந்துகொண்டு போனோம். வெள்ளாற்றுப் பாலத்தில் மெதுவாக ஏறினோம். பின்னால் ஒருவன் விடாமல் ஹாரன் அடித்தான். நான் வேகம் கூட்டவில்லை.

சிதம்பரம் போய்ச் சேர்ந்தபோது ஹோமம் முடிந்திருந்தது. வாசலில் தம்பி நின்றான். “என்னக்கா லேட்டு? கட்டவண்டி மாமாவா ஓட்டுனாரு? ஒரு கையாலயா?” என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

“நான்தான் ஓட்டுனேன்” என்றேன். “வழியில எல்லாரையும் கொல்லப் பாத்தேன். இத்தினி நாளா இந்தக் குடும்பத்த ஒரு கீறல் இல்லாம கொண்டுபோய்க் கொண்டுவந்தது அவுங்கதான். உன்கிட்ட சொல்லிச் சிரிச்சு அந்தப் பேருக்கு நான்தான் வழி பண்ணேன். இனிமே அப்படிக் கூப்புடாத.”

தம்பிக்கு முகம் செத்துவிட்டது. விசேஷ வீட்டில் இப்படிப் பேசியிருக்க வேண்டாமோ என்று எனக்கும் தோன்றியது. “விடும்மா” என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

பந்தியில் அவர் இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சிரமப்பட்டார். பரிமாறிக்கொண்டிருந்த தம்பி வாளியை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். சாதத்தைச் சாம்பாரோடு பிசைந்து வைத்தான், வடையைப் பிய்த்துப் போட்டான். “நான் தெரியாம பேசிட்டேன் மாமா” என்றான்.

“அது கெடக்குது மச்சான். அப்பளம் நொறுக்கிப் போடு” என்றார் அவர்.

திரும்பும்போது பெண்கள் இருவரும் தாத்தாவோடு ரயிலில் வந்தார்கள். சீர் இறங்கிய காலி வண்டியில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். வண்டி மறுபடியும் துள்ளியது. அந்தத் துள்ளலைப் பார்த்து எனக்குக் கூச்சமாக இருந்தது.

கட்டுப் பிரித்து ஒரு மாதம் கழித்து, அவர் கடைக்கு வருகிற ஒருவர் லால்பேட்டையில் மகள் கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு அழைத்தார். “கார்லயே போலாங்க, நீங்க ஓட்டுங்க” என்றேன். என்னை ஒருதரம் பார்த்துவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டார். ஐந்து பேரும் போனோம். சேத்தியாத்தோப்பு வரைக்கும் கரும்பு லாரி ஒன்றின் பின்னாலேயே போனோம். தோகை பறந்து வந்து கண்ணாடியில் விழுந்துகொண்டே இருந்தது. எனக்கு நல்ல பசி. மணியைப் பார்த்தேன், வாயைத் திறக்கவில்லை. ரோடு நேராகி, எதிரில் ஒன்றுமே இல்லாத இடம் வந்ததும், அவர் ஒரு கியர் இறக்கி, நிதானமாக அந்த லாரியைத் தாண்டினார்.